கையை எடுத்தால்தான் மறுபடி ஓடும்

நான்கு என்று எழுதிய பொத்தான் மட்டும் பாதி இறங்கி நின்றது. மற்ற ஒன்பதும் மேலேதான் இருந்தன. ஆனால் எதை அமுக்கினாலும் கல்லை அமுக்குவது போல் இருந்தது. வலது ஓரத்தில் இருந்த அகலமான கூட்டல் கட்டையும் அசையவில்லை.

உக்கடம் பழைய இரும்புக் கடைத் தெருவில், யூசுப் பாய் அந்த மிசினை ஓர் உடைந்த கிரைண்டர் கல்லின் மேல் வைத்திருந்தார். பழைய பேரிங், கியர் வாங்க மாதம் இரண்டு தடவையாவது அவர் கடைக்குப் போவேன். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

"என்னுங்க பாய், டைப் மிசினா இது?"

"இல்லீங்கக்கா, கூட்டுற மிசினு. கரண்டுல ஓடும். ஒரு பழைய ஆபீசைக் காலி பண்ணுனப்ப வந்துச்சு. கெட்டுப்போச்சுங்க, ஒண்ணுமே நகல மாட்டேங்குது. ஒடைச்சுப் போட்டறலாம்னு இருக்கறேன்."

ஒன்றுமே நகராது என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு பாகம் கெட்டால் அந்த ஒரு பாகம்தானே நிற்க வேண்டும்? எல்லாம் சேர்ந்தாற்போல் எப்படி நிற்கும்?

ஸ்கூட்டியின் முன்னால் காலிடுக்கில் வைத்து, கணபதியில் இருக்கும் என் பட்டறைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். இந்தப் பத்தியில் போன வாரம் எழுதினேனே, பாலிடெக்னிக் முடித்துப் பதினைந்து வருடம் கழித்துத் தொடங்கிய பட்டறை, அதேதான். பவர் பிரஸ்களுக்குப் பாதுகாப்புக் கருவிகள் செய்வது என் தொழில்.

டவுன் பஸ் கடைசி சீட்டு

மறுநாள் காலையில் மேல் மூடியைக் கழற்றினேன். காய்ந்துபோன எண்ணெய் வாசம். அழுக்கு மெழுகு போல் படிந்திருந்தது. நான்காம் பொத்தானின் தண்டுக்குக் கீழே துருப்பிடித்த ஜெம் கிளிப்பின் ஒரு துண்டு. ட்வீசரால் பிடித்து இழுத்தேன்.

டக்.

நான்கு மேலே வந்தது. ஐந்தை அமுக்கினேன், இறங்கியது. ஒன்பது, இறங்கியது. கூட்டல் கட்டை, இறங்கியது. அந்த மிசின் கெடவே இல்லை. ஒரு பொத்தான் பாதியில் நிற்கிறது, இந்த நிலையில் கணக்குப் போட்டால் தப்பாகப் போகும் என்று, எத்தனையோ வருடமாக வேலை செய்ய மறுத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அன்று நான் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை. இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கிப் பார்த்தேன். இரண்டும் இறங்கவில்லை. ஒன்றை இறக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அமுக்கினேன். இறங்கவில்லை. பத்துப் பொத்தானில் எந்த இரண்டை எடுத்தாலும் இதே கதை. எப்படி அதற்குத் தெரிகிறது?

அடிப்பக்கம் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. பொத்தான்களின் தண்டுகளுக்குக் கீழே ஒரு நீளமான பள்ளம். அதில் கொண்டைக்கடலை அளவுக்கு இரும்புக் குண்டுகள் வரிசையாகக் கிடந்தன. பள்ளம் முழுக்கக் குண்டு. ஒரே ஒரு தண்டு நுழைகிற அளவுக்குத்தான் மிச்ச இடம்.

டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டு இருக்கும் பாருங்கள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றால் எல்லோரும் நகர்ந்து ஒரு ஆளுக்கு இடம் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு குழந்தைக்குக்கூட இடம் இருக்காது. நடுவில் உட்கார்ந்தாலும் சரி, ஓரத்தில் உட்கார்ந்தாலும் சரி, ஒருவர்தான். அதே சங்கதி. எந்தத் தண்டு முதலில் இறங்குகிறதோ அது குண்டுகளை இரண்டு பக்கமும் தள்ளிவிட்டு அந்த ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பாதி இறங்கிய நான்கும் அப்படி இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறது.

கூட்டல் கட்டைக்குத் தனிக் காவல். பத்துப் பொத்தானும் மேலே வந்திருந்தால்தான் அது இறங்கும். அது இறங்கி மோட்டார் சுற்றுகிற நேரத்தில், பத்துப் பொத்தானும் பூட்டிக்கொள்ளும். இதைச் செய்தவருக்கு மனித விரல்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மிக்சியும் ஹேர்பின்னும்

பூட்டுகிற மிசின்களோடு எனக்குச் சின்ன வயதிலிருந்தே தகராறு உண்டு.

எங்கள் வீட்டுக்கு முதல்முதலாக மிக்சி வந்தபோது, மூடி சரியாக உட்காராவிட்டால் ஓடாத ஒரு மாடல் வாங்கினார்கள். மூடியில் ஒரு சின்ன நாக்கு. அது ஒரு துவாரத்துக்குள் போனால்தான் மோட்டார் சுற்றும். பிளேடு சுற்றுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. அம்மா கொல்லைக்குப் போன நேரத்தில், அந்தத் துவாரத்தில் ஒரு ஹேர்பின்னை வளைத்துச் செருகினேன். சுவிட்சைப் போட்டேன்.

உள்ளே தேங்காய்ச் சட்னி இருந்ததை மறந்துவிட்டேன்.

அம்மா திரும்பி வந்து சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "அம்மணி, கை இருக்குதா?" என்றுதான் முதலில் கேட்டார். அடி அப்புறம்தான் விழுந்தது.

பூட்டை ஏமாற்றுகிற ஆட்களில் நானும் ஒருத்தி. அதைப் பின்னாளில் வசதியாக மறந்துவிட்டேன். ஏன் சொல்கிறேன் என்பது இனிமேல் வரும்.

இடது கைப்பிடி

கூட்டல் மிசின் மேசை மேல் திறந்து கிடந்த மூன்றாம் நாள் போன் வந்தது. பேசியவர் நாச்சிமுத்து அண்ணன். பல்லடம் பக்கம் மோட்டாருக்கான தகடுகளை வெட்டியெடுக்கும் கம்பெனி வைத்திருப்பவர். அவரிடம் ஆறு பிரஸ் இருந்தன. ஆறுக்கும் கைப்பிடி செய்து கொடுத்தவள் நான்.

பிரஸ்ஸைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய சக்கரம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். தகட்டை உள்ளே வைத்து விசையை அமுக்கினால், மேலிருந்து கனமான இரும்பு இறங்கித் தகட்டை வெட்டிவிட்டு மேலே போகும். முன்பெல்லாம் காலால் மிதிப்பார்கள். கால் மிதிக்கிற நேரத்தில் கை உள்ளே இருந்தால் போச்சு. அதனால் இரண்டு கையாலும் இரண்டு கைப்பிடிகளை அமுக்கினால்தான் இரும்பு இறங்கும் என்று மாற்றிக் கொடுத்தேன். இரண்டு கையும் கைப்பிடியில் இருந்தால் உள்ளே இருக்க முடியாது அல்லவா?

"நம்ம பிரஸ்ஸுல வேலை பாக்கற ருக்மணிக்குக் கை போயிருச்சுங்க அம்மணி" என்றார் நாச்சிமுத்து அண்ணன். "இடது ஆள்காட்டி விரல், ஒரு கணு. நானே கார்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

கையில் இருந்த ஸ்குரூ டிரைவரை மேசை மேல் வைத்தேன்.

"நீங்க வெசனப்படாதீங்க. உங்க கைப்பிடி மேல தப்பில்லை. இடது கைப்பிடியைத் துணி போட்டுக் கீழ இழுத்துக் கட்டிப்போட்டாங்க. வலது கையில மட்டும் அமுக்கிட்டு இருந்திருக்கறாங்க. வேலையை விட்டு நிறுத்திப்போட்டேன். மத்தவங்களுக்கும் ஒரு பயம் இருக்கட்டும்."

அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்க மாட்டேன். நிம்மதியாக இருந்தது. என் மேல் தப்பில்லை. கட்டாதே என்று சொல்லியும் கட்டினால் நான் என்ன செய்ய முடியும்? அப்படியே நினைத்துக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

கொக்கி

கை சும்மா இருக்காமல் மேசை மேல் இருந்த கூட்டல் மிசினுக்குக் கரண்டு கொடுத்தேன். ஏழாம் பொத்தானை அமுக்கிவிட்டுக் கூட்டல் கட்டையை அமுக்கினேன். மோட்டார் கரகரவென்று ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. என் விரல் கட்டை மேலேயே இருந்தது. வேறு ஏதோ யோசனையில் எடுக்க மறந்திருந்தேன்.

மிசின் ஓடவில்லை.

இன்னும் அழுத்திப் பார்த்தேன். ஓடவில்லை. விரலைப் பாதி தூக்கி மறுபடி அழுத்தினேன். ஓடவில்லை. முழுசாக எடுத்தேன். உள்ளே 'க்ளிக்' என்று மெல்லிய சத்தம். இப்போது அமுக்கினேன். ஒரு சுற்று ஓடியது.

பக்கத்தில் கிடந்த பேரிங்கைத் தூக்கிக் கட்டை மேல் வைத்தேன். ஒரு சுற்று. அவ்வளவுதான். பேரிங் உட்கார்ந்தே இருந்தது, மிசின் நின்றே இருந்தது.

மிசினைப் பக்கவாட்டில் சாய்த்துவைத்துக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். கட்டைக்குக் கீழே விரல்நகம் அளவுக்கு ஒரு கொக்கி. கட்டை இறங்கும்போது அந்தக் கொக்கிதான் மோட்டாரை இழுத்துவிடுகிறது. சுற்று முடிகிற நேரத்தில் மிசினே அந்தக் கொக்கியைத் தட்டிக் கழற்றிவிடுகிறது. அதன் பிறகு கட்டையை எவ்வளவு அமுக்கினாலும் அதன் அடியில் பிடிக்க ஒன்றும் இல்லை. கட்டை முழுசாக மேலே வந்தால்தான் கொக்கி மறுபடி மாட்டும்.

கையை எடுத்தாயா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறது. எடுத்தால்தான் அடுத்தது.

வெறும் கூட்டல் தப்பாகிவிடக் கூடாதே என்று யாரோ இவ்வளவு யோசித்திருக்கிறார். விரல் போகிற இடத்தில் நான் யோசிக்கவில்லை. என் கைப்பிடி, 'இரண்டும் கீழே இருக்கிறதா' என்று மட்டும்தான் பார்த்தது. 'இரண்டும் மேலே போய் வந்ததா' என்று பார்க்கவே இல்லை. கட்டிவைத்த கைப்பிடியும் அதற்கு ஒரு கைதான்.



எதுக்குன்னு யாரும் கேக்கலீங்க

பத்து நாள் கழித்துப் பல்லடத்தில் ருக்மணியின் வீட்டுக்குப் போனேன். இரண்டு பக்கத்து வீடுகளிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் சத்தமாகப் பேசினால்தான் காதில் விழும். ருக்மணிக்கு நாற்பது வயது இருக்கும். கம்பெனியில் பார்த்திருக்கிறேன், ஆனால் பேசியதில்லை. இடது கையில் பெரிய கட்டு. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் எனக்குச் சேரை இழுத்துப் போட்டார்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்.

"நாந்தானுங்க கட்டுனேன். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"எதுக்குங்க கட்டுனீங்க?"

"கட்டுனியா, கட்டுனியான்னுதான் எல்லாருமே கேட்டாங்க. எதுக்குன்னு யாரும் கேக்கலீங்க."

இடது கையை மெல்லத் தூக்கிக் காட்டினார். தோள் மட்டத்துக்கு மேல் போகவில்லை.

"அடிபட்டதுனால இல்லீங்க, இது முன்னயே இப்புடித்தான். உங்க கைப்பிடி ரொம்ப இறுக்கமுங்கக்கா. காலையில ஒண்ணும் தெரியாது. மத்தியானத்துக்கு மேல தோளுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கும். ஊட்டுக்கு வந்து தலை பின்ன முடியாது. மேஸ்திரிகிட்டச் சொன்னேன், பழகிப்போகும்னு சொல்லிப்போட்டாரு. பழகலீங்க. அதான் கட்டிப்போட்டேன்."

அந்தக் கைப்பிடிக்குக் கனமான ஸ்பிரிங் போட்டது நான்தான். கனமாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்தேன். மாட்டிய அன்று பத்துத் தடவை அமுக்கிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லி மோர் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன்.

"ருக்மணி, இதுல தப்பு என் பேர்லயுந்தான் இருக்குது" என்றேன். "புதுசா ஒண்ணு செய்யப்போறேன். கை ஆறுனதும் நீங்க என்ற பட்டறைக்கு வரணும். வந்து அதை ஏமாத்திப் பாக்கணும்."

"ஏமாத்தோணுங்களா?"

"ஆமாங்க. உங்களால முடிஞ்ச வரைக்கும்."

அத்தனை வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முழங்கையும் கால் கட்டைவிரலும்

பட்டறையில் இருந்த சின்னப் பிரஸ்ஸில், வெட்டுகிற அச்சைக் கழற்றிவிட்டுப் புதுக் கைப்பிடிகளை மாட்டினேன். ஒவ்வொரு கைப்பிடிக்கும் தனித்தனிக் கொக்கி. இரும்பு இறங்கி ஏறும்போது இரண்டு கொக்கியையும் தட்டிக் கழற்றிவிடும். எந்தக் கைப்பிடி முழுசாக மேலே வரவில்லையோ அதன் கொக்கி மாட்டாது. ஸ்பிரிங்கை இளக்கினேன், கைப்பிடியை நீளமாக்கினேன்.

ருக்மணி வந்தார். முதலில் துணியை எடுத்து இடது கைப்பிடியைக் கட்டினார். ஒரு தடவை ஓடியது, அதோடு நின்றது. "அட" என்றார்.

அப்புறம் இரண்டு கைப்பிடியையும் உற்றுப் பார்த்தார். வலது கையை நீட்டினார். உள்ளங்கை ஒன்றின் மேல், முழங்கை இன்னொன்றின் மேல். ஒரே கையால் இரண்டையும் அமுக்கி அமுக்கி எடுத்தார். பிரஸ் ஜோராக ஓடியது. இடது கை சும்மா இருந்தது.

எனக்கு ஒரு வாரம் பிடித்தது, கைப்பிடிகளைத் தள்ளித் தள்ளி வைத்து நடுவில் தகடு அடிக்க.

அடுத்த தடவை கொஞ்சம் சணல் கயிறு கேட்டார். ஒரு முனையை இடது கைப்பிடியில் கட்டி, மறுமுனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டார். காலை இறக்கினால் கைப்பிடி இறங்கும், தூக்கினால் ஏறும். கொக்கியும் ஒழுங்காக மாட்டிக்கொண்டது. "இதுவும் கையை எடுத்த மாதிரிதானுங்களே?" என்றார் அப்பாவி முகத்தோடு.

எனக்கு எரிச்சலே வரவில்லை. அடுத்து என்ன செய்வார் என்று பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது. என் படிப்புக்கு எட்டாத இடமெல்லாம் அவருக்கு எட்டியது.

மூன்றாவது தடவை கைப்பிடிகளைச் சுற்றி, கீழேயும் சேர்த்து, தகட்டுக் கூடு செய்தேன். உள்ளங்கை நுழைய மட்டும் வழி. கயிறு கட்ட இடமே கிடையாது. காலை பத்து மணியிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை முயற்சி செய்தார். ஆப்பு வைத்தார், குச்சி நுழைத்தார், முட்டியால் இடித்தார். கடைசியில் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"முடியலீங்கக்கா. ஆனா ஒண்ணு. ரெண்டு பேரு சேந்தா ஏமாத்திப்போடலாம். ஒருத்தரு அமுக்க, ஒருத்தரு உள்ள கை வெக்க."

அதைத் தடுக்கும் வழி இன்றைக்கும் எனக்குக் கிடைக்கவில்லை. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நாச்சிமுத்து அண்ணன் எண்ணிக்கை

நாச்சிமுத்து அண்ணனைப் பட்டறைக்கு வரச் சொன்னேன். ருக்மணியை அங்கே பார்த்ததும் முகம் கொஞ்சம் மாறியது.

"எதுக்குங்க அம்மணி இத்தனை வேலை? கட்டாம இருந்தா முடிஞ்சு போச்சு."

"கட்ட முடியற மாதிரி செஞ்சது நாந்தாங்கண்ணா. தப்பு அங்க இருந்துதான் ஆரம்பிக்குது" என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்ட ஆட்டம் இல்லை அது.

பழைய கைப்பிடி ஒன்றை மேசை ஓரத்தில் மாட்டி வைத்திருந்தேன், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. ருக்மணி அதைக் காட்டினார்.

"ஏனுங்க மொதலாளி, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பழசை இடது கையில கொஞ்சம் அமுக்கிப் பாருங்."

அவர் சிரித்துக்கொண்டே அமுக்க ஆரம்பித்தார். ருக்மணி எண்ணினார். ஐம்பது வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே அமுக்கினார். எண்பதில் பேச்சு நின்றது. நூறில் வாட்ச்சைக் கழற்றி வைத்தார். நூற்று நாற்பதில் நிறுத்தி, வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சிப்டுக்கு எத்தனை வருமுங்க?" என்று கேட்டார். கேட்டது என்னைத்தான்.

பதில் சொன்னது ருக்மணி. "நீங்கதானுங்களே போர்டுல எழுதிப் போட்டிருக்கறீங்க. ரெண்டாயிரம்."

அவர் தோளை இன்னொரு தடவை தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"நாளையில இருந்து வேலைக்கு வந்துருங்க ருக்மணி" என்றார் அவர். வாட்ச்சை எடுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாரேனுங்க. ஆறு பிரஸ்ஸுக்கும் இதை மாட்டுன பொறவு வாரேன்."

"உங்க பிரஸ்ஸுக்கு நாளைக்கே மாட்டிப்போடலாமே."

"என்ற பிரஸ்ஸுல நான் உக்காந்துக்குவேன். மத்த அஞ்சுல உக்கார்றவங்க கையும் கைதானுங்களே."

ஆறையும் செய்து முடிக்க எனக்கு இரண்டு மாதத்துக்குக் கிட்ட ஆனது. அதுவரை அவர் அங்கே போகவில்லை. என் பட்டறைக்கு வந்து, ஒவ்வொரு கைப்பிடியையும் ஏமாற்றிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஆட்டோவில் ஏற்றவிட்டார்.

ஆறாவதை மாட்டிய அன்று நானும் பல்லடம் போனேன். ருக்மணி தன் இடத்தில் உட்கார்ந்தார். தகட்டை உள்ளே வைத்தார், இரண்டு கையையும் கூட்டுக்குள் நுழைத்தார். இரும்பு இறங்கியது. கைகளை எடுத்தார். 'க்ளிக்'. அடுத்த தகடு. நாச்சிமுத்து அண்ணன் ஓரமாக நின்று, ஐம்பது அறுபது தகடு போகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பக்கத்தில் வந்து கேட்டார்.

"இப்பப் பயமில்லீங்களே?"

ருக்மணி அடுத்த தகட்டைக் கையில் எடுத்தார்.

"பயம் இருக்குதுங்க. தோளுவலிதான் இல்லை."